அவிழ்த்துவிட ஓர் இடம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஊர் மந்தையைத் திருடியவர் சௌந்திரராசு. ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் திருடினார். பதவி போய்விட்டது, ஆனாலும் எல்லோரும் இன்னும் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மந்தை என்றால் மாடு மேயும் பொது நிலம். அதைச் சுற்றிக் கல்தூண் ஊன்றி, முள்கம்பி இழுத்து, நடுவில் தென்னங்கன்று வைத்தார். தென்னை கருகிவிட்டது. கம்பி செழிப்பாக இருக்கிறது.

இன்று அந்தக் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் நாய் ராக்கெட் ஓட எனக்கு ஓர் இடம் வேண்டும்.

காலையில் ராக்கெட்டை டவுனுக்கு, மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். டாக்டரம்மா தொடையை அழுத்திப் பார்த்தார்.

“கட்டியே போட்டிருக்கியாம்மா?”

“ஊருக்கு வந்ததுல இருந்து கட்டித்தான் கெடக்கான்.”

“இது ஓடுறதுக்குன்னே பொறந்த ஜாதி. கால் சூம்ப ஆரம்பிச்சிருச்சு. தெனமும் கயித்த அவுத்துவிட்டு ஓட விடு. கையில பிடிச்சிட்டு நடக்குறதெல்லாம் இதுக்குப் பத்தாது. விடலைன்னா இந்தக் கால் நிக்காது.”

மருந்து எதுவும் எழுதவில்லை.

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குப் பின்னால் பெரிய காலி மனை இருந்தது. எவனோ கம்பெனி வாசலில் விட்டுப்போன குட்டி அந்த மனையில் ஓடி ஓடித்தான் இவ்வளவு உயரம் வளர்ந்தான். ஜனவரியில் கம்பெனியை மூடினார்கள். ஒரு பை, ஒரு நாய், நான் என்று அப்பாவிடம் வந்து சேர்ந்தோம். அப்பா அன்றைக்கு முதல் வேலையாக அவன் வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “கட்டிப் போடு தாயி” என்றார். என்னைச் சாப்பிட்டாயா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.


மார்ச் 4, புதன்

போனில் தேடினேன்: நாயை அவிழ்த்துவிடும் பூங்கா, அருகில். அருகில் என்று அது காட்டியது மதுரை. அதற்கு அடுத்த அருகில் கோயம்புத்தூர். எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு கோயில், ஒரு ரேஷன் கடை, மற்றபடி வெறும் சாம்பல் நிறம். பட்டணத்தில் இருப்பவர்கள் கிராமத்துக்கு என்ன, எங்கு பார்த்தாலும் வெட்டவெளிதானே என்பார்கள். வந்து பார்க்கட்டும். வெட்டவெளி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறான், இல்லாவிட்டால் ஒரு கம்பி இருக்கிறது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம். ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊர் நாய்கள் பிட்சுக்கு நடுவிலேயே படுத்திருந்தன, பந்து போடுகிறவன் அவற்றைச் சுற்றி ஓடிவந்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. கயிற்றில் கை வைத்தேன்.

தலைவர் மகன் விக்னேஷ் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். “காலனி நாய இங்கன கொண்டு வராத.”

“இது திருப்பூர் நாய்.”

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து ராக்கெட்டின் வயிற்றுக்கு அடியில் பார்த்தான்.

“கடுவனா?”

“ஆண் நாய்தான். அதுக்கென்ன?”

போனை எடுத்துப் படம் பிடித்தான். நாயை ஒன்று. என்னை ஒன்று.

பயமெல்லாம் இல்லை. வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன், அந்த வழியில் நிழல் அதிகம்.


மார்ச் 6, வெள்ளி

எங்கள் சுடுகாட்டில் அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் ஒரே பொது இடம் அதுதான். அதையாவது யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத்தான் அங்கே எல்லாம் அளந்து கிடக்கிறது. நாய் வேகம் எடுப்பதற்குள் இடம் முடிந்துவிடுகிறது. உடைந்த பாட்டில் வேறு. முன்னங்காலில் கீறல்.

மஞ்சள் அரைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக் குருவம்மா அத்தை, அப்பாவின் தங்கை, முற்றத்தில் புளி தட்டிக்கொண்டே பார்த்தாள்.

“ஏட்டி இந்து, இந்தச் செவரட்சணையெல்லாம் ஒரு மாப்பிள்ளைக்குப் பண்ணுனா பிள்ளயாவது பெறுவ.”

“மாப்பிள்ளை வால ஆட்டுவானா அத்தை?”

“ஒங்க மாமன் ஆட்டுனாரே, செத்த வரைக்கும்” என்றவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “அவன வெளிய கொண்டு போகாதட்டி. சொன்னாக் கேளு.”

ஏன் என்று கேட்டால் மறுபடி புளியைத் தட்டத் தொடங்கிவிட்டாள்.


மார்ச் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். கொட்டகை ஓலை மாற்ற வேண்டும்.

இன்றுதான் கவனித்தேன். எங்கள் தெருவில் இருக்கும் நாய்கள் எல்லாமே பொட்டை. ராக்கெட்டைத் தவிர ஓர் ஆண் நாய்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். “அப்படி அமைஞ்சிருக்கு” என்றார்.

சின்ன வயதில் எங்கள் நாய் வெள்ளச்சி வருடம் தவறாமல் குட்டி போடும். கண் திறப்பதற்குள் பாதிக் குட்டிகளை அப்பா ஒரு கரிச்சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கீதாரிக்குக் கொடுக்கப் போகிறேன் என்பார். ஆடு மேய்க்கிறவர்களுக்கு நாய் வேண்டுமே, நான் நம்பினேன். திரும்பி வந்ததும் தலைக்குக் குளிப்பார். அன்றைக்குச் சாப்பிட மாட்டார். குட்டியைப் பிரிந்த வருத்தம் என்று நினைத்துக்கொள்வேன். அப்பாவுக்கு எப்போதும் இளகிய மனசு.


மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

கண்மாய். மழை இல்லாமல் வறண்டு கிடக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் வேலிக்கருவை மண்டியிருந்தாலும் மடைக்கு அந்தப் பக்கம் நடுவில் கரம்பைமண் எடுத்த இடம் தட்டையாக, பெரிதாக, யாருமில்லாமல் இருக்கிறது. அப்பா விறகை எரித்துக் கரிமூட்டம் போடும் காட்டுக்குப் போகிற வழி. விடிந்ததும் போனேன். கயிற்றை அவிழ்த்தேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. கயிறு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு என் காலடியில் நின்றான். “ஓடுடா” என்றேன். ரெண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான். ஓட்டம் என்றால் கால் தரையில் படுவதே தெரியவில்லை. முதுகு வில் மாதிரி வளைந்து வளைந்து நிமிர்கிறது. புழுதி அவனுக்கு ரொம்பப் பின்னால் தாமதமாக எழும்புகிறது. ஒரு சுற்று முடித்து நேராக என்மேல் வந்து மோதுவது போல வந்து, கடைசி நொடியில் விலகி, மறுபடி ஓடினான். நான் சத்தமாகச் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து நான் வெளியில் நின்று சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.


மார்ச் 11, புதன்

கண்மாய். ஓடினான். காலைத் தூக்கவில்லை.


மார்ச் 13, வெள்ளி

மடைமேல் ஒரு பைக் நின்றது. ஆள் இறங்கவில்லை. நாங்கள் கிளம்புகிற வரைக்கும் இன்ஜினை அணைக்கவும் இல்லை.

வீட்டுக் கதவுக்கு உள்தாழ் சரியில்லை. ஆசாரியைக் கூப்பிட வேண்டும். ராக்கெட்டை இன்றிலிருந்து உள்ளே கட்டுகிறேன், வெளியில் வெயில் அதிகம். முடிச்சு இரண்டு போடுகிறேன். பைக் சத்தம் கேட்டால் அவன் காதைத் தூக்குகிறான், அவன் தூக்குவதற்கு முன்பே நான் எழுந்துவிடுகிறேன்.


மார்ச் 14, சனி

அத்தை சொல்லிவிட்டாள். அவளைச் சொல்ல வைக்க நான் அவள் புளி முழுவதையும் தட்டிக் கொடுத்தேன்.

“காலனியில கடுவன் வளக்கக் கூடாது. எங்க அப்பன் காலத்துல இருந்து ஊர்க் கட்டுப்பாடு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? நம்ம நாய் போயி அவுக பொட்டைய ஏறிட்டா?” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவுக நாய் இங்கன வரலாம். வந்துட்டுத்தான் இருக்கு. நம்ம நாய் அங்கிட்டுப் போகக் கூடாது. மனுசருக்குப் போட்ட கணக்கத்தான் நாய்க்கும் போட்டுருக்காக.”

“இதெல்லாம் இன்னுமா?”

“நீ ஆஸ்டல்ல கெடந்து படிச்சவ. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒங்கப்பன் ஒன்ன அங்கன கொண்டு போட்டான்.”

சாக்கைப் பற்றி அத்தையிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. புளி கையெல்லாம் ஒட்டியிருந்தது, கழுவப் போய்விட்டேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். கோபத்தில்தான். ஒரு நாய்க்கு என்ன தெரியும் என்று இவர்கள் பயப்படுகிறார்கள்? அதற்கு எந்தத் தெரு எது என்று தெரியாது, அதுதான் இவர்களுடைய பயம்.

நிலோபருக்குச் செய்தி அனுப்பினேன். திருப்பூரில் என்னோடு வேலை பார்த்தவள், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் கம்பெனியில் எனக்கு ஏப்ரலில் வேலை கிடைக்கும் என்கிறாள். நாயோடு தங்க அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.


மார்ச் 16, திங்கள்

போயிருக்கக் கூடாது என்று அத்தை சொல்கிறாள். நான் ஏன் போகக் கூடாது? கண்மாய் யாருடையது?

அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கரை மேலிருந்து சந்தன நிறத்தில் ஒரு நாய் இறங்கி வந்தது. கழுத்தில் பித்தளை மணி. தலைவர் வீட்டு ராணி. முயல் வேட்டைக்கென்று வளர்க்கிற உசந்த ஜாதிப் பொட்டை, வாசல் தாண்ட விட மாட்டார்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, பாதிச் சங்கிலி கழுத்தில் தொங்கியது. அதுதான் வந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ராக்கெட் போகவில்லை. அது வந்தது.

கூப்பிட்டேன், கத்தினேன், மண்ணாங்கட்டியை வீசினேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பிரிக்க முடியாது. நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

விக்னேஷ் அப்போதுதான் வந்தான். கல்லை எடுத்து எறிந்தான், அது அவன் ராணிமேலேயே பட்டது. அது வீரிட்டது. “ஒங்க புத்திதானடி ஒங்க நாய்க்கும் இருக்கும்” என்றான். இன்னும் சொன்னான். இங்கே எழுத மாட்டேன்.


மார்ச் 17, செவ்வாய்

அப்பாவை வரச் சொல்லி ஆள் வந்தது. நானும் வருகிறேன் என்றேன். “நீ இரு” என்று கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போனார்.

மதியம் திரும்பினார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். நெஞ்சு, முழங்கால், நெற்றியெல்லாம் மண். கரிமூட்டத்துக்குப் போயிருந்தால் கரி இருந்திருக்கும். இது மண்.

“என்னப்பா இது?”

“விழுந்துட்டேன்.”

“எங்க?”

“கோயில் முன்னாடி. விடு தாயி. பசிக்கி.”

சோறு போட்டேன். ரசம் உப்புக் கரித்தது, அவர் மறுபடி ஊற்றச் சொன்னார்.


மார்ச் 18, புதன்

நிலோபர் பதில் போட்டாள். அவள் வீட்டுக்காரம்மாவிடம் மாடி அறை இருக்கிறதாம். நாய் இருந்தால் நல்லதுதான், திருட்டுப் பயம் இல்லை என்றாராம். 28ஆம் தேதி காலியாகும்.

பத்து நாள் பொறுத்தால் போதும்.

அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை. “இருவத்தி நாலு பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. அதுக்குள்ள நாய் ஊர் எல்லைக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. இருந்தா தண்ணிக் கொழாய அடைப்பாகளாம். ஒங்கப்பனுக்குக் காட்டுச் சோலியும் இல்ல.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவான்? சரின்னுருக்கான்.”


மார்ச் 19, வியாழன்

தலைவரை நேரில் பார்த்தேன். மந்தை வேலியோரம் பம்புசெட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“வா தாயி. பெரியாண்டி மகளா? படிச்ச பிள்ளையில்ல.”

“நாய இருவத்தெட்டாம் தேதி கூட்டிட்டுப் போயிருவேன். அதுவரைக்கும் விடுங்க.”

“நாயக் கட்டிக்கிட்டு நீ எதுக்கு அலையுற? வேலை தேடு, கலியாணத்தப் பண்ணு.” துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை. “எனக்கு ஒம்மேல வருத்தமில்ல. ராணிக்கு ஊசி போட்டுக் கலைச்சாச்சு. அது முடிஞ்சு போச்சு.”

“முடிஞ்சு போச்சுன்னா என் நாய் எதுக்குப் போகணும்?”

“ஊர்னு ஒண்ணு இருக்குல்லம்மா.”

“இந்த மந்தையும் ஊருதுதான். காலையில அரைமணி நேரம் தொறந்து விடுங்க. கம்பி இருக்கு, எந்த நாயும் உள்ள வராது, என் நாயும் வெளிய போகாது. அவன் ஓடிட்டு வரட்டும்.”

முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார், உண்மையாகவே, வயிறு குலுங்க. மோட்டார் அறையிலிருந்த மகனைக் கூப்பிட்டார். “ஏலே விக்னேசு, இங்க வா. மந்தைய நாய் ஓடுறதுக்குத் தொறந்து விடணுமாம்ல!”

நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து சொன்னார், அன்பாகத்தான்: “ஒங்கப்பன் வெவரமானவன். அவன் பாத்துக்கிருவான்.”


மார்ச் 20, வெள்ளி

போலீசுக்கு, நூறுக்குப் போன் அடித்தேன். ஸ்டேஷனுக்கு நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். போனேன். எழுத்தர், “நாயக் கேட்டாங்களா, ஒன்னயக் கேட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, கூடச் சிரிப்பார் என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மனுவை வாங்கி மேசைமேல் வைத்தார். நான் வெளியே வரும்போது அதன்மேல் டீ கிளாஸ் இருந்தது.


மார்ச் 21, சனி

ஒரு நல்ல விஷயம். அப்பாவுக்கு ராக்கெட்மேல் பாசம் வந்துவிட்டது.

டவுனிலிருந்து ஆட்டெலும்பு வாங்கி வந்தார். தானே வேகவைத்து, ஆறவைத்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தார். பிறகு பம்படிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினார். காதுக்குள் இருந்த உண்ணியை ஒவ்வொன்றாக எடுத்தார். இத்தனை நாளில் அவனைத் தொட்டதே இல்லை. ராக்கெட் அவர் முழங்கையை நக்கினான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன சொல்லிக் கூப்பிட்டா வருவான்?” என்று கேட்டார்.

“பேரச் சொன்னாலே வருவான்ப்பா.”

“ராக்கெட்டு” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ராக்கெட் வாலை ஆட்டினான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.


மார்ச் 22, ஞாயிறு

அப்பாவே சொன்னார்: “நீ நாளைக்குப் போயி அந்த ரூமப் பாத்து முடிச்சுட்டு வா. முன்னாலயே குடுக்க மாட்டாகளான்னு கேளு.” நாயைக் கூட்டிக்கொண்டே போய்விடுகிறேன் என்றேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஒத்தையாய் வண்டி பிடிக்கவும் வேண்டாம், நீ முதலில் பார்த்துவிட்டு வா என்றார். “நான் காட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன். அங்க எவனும் வர மாட்டான்.” இன்றே அவனைக் கரிமூட்டம் வரைக்கும் கூட்டிப்போய்ப் பழக்கினார். கயிற்றை இழுக்காமல் அவர் பின்னாலேயே போகிறான்.

சரியான யோசனைதான். எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று தெரியவில்லை. பஸ் பிடிக்க விடிவதற்குள் எழ வேண்டுமே என்றுதான் இருக்கும்.


மார்ச் 23, திங்கள்

கோயம்புத்தூர். அறையைவிட அறைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துத்தான் நின்றுவிட்டேன். மூடிப்போன ஒரு மில். இடித்துத் தள்ளி வெறும் மைதானமாக்கிவிட்டார்கள். சுற்றிலும் ஆள் உயர மதில். ஒரே ஒரு கேட், அதன் சாவி வீட்டுக்காரம்மாவிடம். “காலையில யாரும் வர்றதில்ல கண்ணு, நாய விட்டுக்கோ” என்றார். அவ்வளவுதான். என் பெயரைத் தவிர என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. தெருவைக் கேட்கவில்லை. நாயின் வாலைத் தூக்கிப் பார்ப்பதாகச் சொல்லவில்லை.

கெஞ்சினேன். நாளைக்கே வந்துவிடு, மாடி அறை காலியாகும் வரை முன்னறையில் தங்கிக்கொள் என்றார்.

மைதானத்தை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பார்த்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

வீடியோ பார்க்கச் சிக்னல் கிடைத்திருக்கிறது.


மார்ச் 24, செவ்வாய்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொட்டுச் சத்தம். ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு அவர்களுக்கு. கட்டுப்பாடு எங்களுக்கு. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அத்தை குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொடியில் ராக்கெட்டின் கயிறும் கழுத்துப் பட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்திருந்தார்கள். பட்டையிலிருந்து இன்னும் சொட்டியது.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஈரம். பக்கத்தில் நான் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது. மூலையில் கரிச்சாக்குகளை மடித்து அடுக்கியிருந்தார். ஒன்று குறைகிறதா என்று எண்ணத் தோன்றியது. எண்ணவில்லை.

“ராக்கெட் எங்கப்பா?”

“அவுத்து விட்டுட்டேன் தாயி.”

“எங்க?”

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்த தடம் குறுக்கே சிவந்து கிடந்தது.

நான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அழவில்லை. பள்ளிக்கூட மைதானம், சுடுகாடு, கண்மாய், மந்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டு, கெஞ்சி, ஏச்சு வாங்கி வந்த இடங்கள். போனில் பார்த்த சாம்பல் நிறத்தைச் சொன்னேன். மில்லுக்குப் பின்னால் இருக்கிற மதிலைச் சொன்னேன். கொட்டுச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“இந்த ஊர்ல ஒரு நாய அவுத்து விட எடம் இருக்கா? அது ஒனக்குத் தெரியுமா? தெரியும்னா ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல? எங்க இருக்கு அது? எந்திரி. வந்து காட்டு. எந்திரிப்பா, அந்த எடத்தக் காட்டு.”

கொட்டு நின்று மறுபடி ஆரம்பித்தது. அப்பா உள்ளங்கையை மூடிக்கொண்டார்.